கழுகுமலை அளவு ராமசுப்பு

ராமசுப்பு காணாமல் போவதற்குக் கண்மூடித் திறக்கும் நேரம் போதுமானதாக இருந்தது. அவர் பார்க்க எப்படி இருப்பார் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்வதற்குத்தான் நாளாயிற்று.

எப்போதும்வென்றான் பக்கம் கரிசலில் உளுந்தும் பாசியும் விதைத்து, மிச்ச நேரத்தில் ஆடு மேய்த்து வந்த மனுஷன் அவர். போன வருஷம் ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேப்பமரத்தில் ஏறியவர், கொப்பு முறிந்து தலைகுப்புற விழுந்தார். உயிர் தப்பியது. பேச்சு போய்விட்டது. ‘ம்’ என்பதைத் தவிர வாயில் வேறு சொல் வராது. எங்கே நிற்கிறோம் என்பதும் சில நேரம் மறந்துபோகும். மாதா மாதம் அவரைக் கோவில்பட்டிக்குக் கூட்டி வந்து டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிப் போவது மனைவி சீனித்தாயின் வேலை.

அன்றைக்கு மருந்துக் கடையில் கூட்டம். “இங்கனயே நில்லுங்க, இந்தா வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சீட்டை நீட்டினாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். ‘இங்கன’ என்ற இடம் இருந்தது. ராமசுப்பு இல்லை.

பஸ் நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட், தீப்பெட்டி ஆபீசு வாசல்கள் என்று பொழுது சாயும்வரை ஓடினாள். பிறகு போலீசுக்குப் போனாள். அங்கே நல்லபடியாகவே பேசினார்கள். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, புகாரையும் எழுதிக்கொண்டார்கள்.

“ஆளைத் தேடுறது எங்க வேலைம்மா. ஆனா படம் போட்டு நோட்டீஸ் ஒட்டணும்னா மையத்துல நம்பர் வாங்கணும். படம் இல்லாம, பேச வராத ஆளை எப்படித் தேட?” என்றார் அங்கிருந்தவர்.

மையம் என்றால் காணாமற்போனோர் திருவுருவச் செம்மையாக்க மையம். பைபாஸ் சாலையோரம் புதிதாகக் கட்டிய கட்டடம். அது பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் யாராவது தொலைந்துபோனால், வீட்டில் கிடைக்கிற போட்டோவைப் பெரிதாக்கி அச்சடித்து மதில் மதிலாக ஒட்டுவார்கள். மேலிடத்து அதிகாரி ஒருவர் இந்தப் பக்கம் வந்தபோது அப்படி ஒரு நோட்டீசைப் பார்த்துவிட்டு, “இது ஆளா, பலாப்பழமா?” என்று கேட்டார். படம் அவ்வளவு மங்கல். நல்ல கேள்வி ஒன்றை யாராவது கேட்டுவிட்டால் அதற்குப் பதில் சொல்வது நம் வழக்கமில்லை, ஓர் அலுவலகம் திறந்துவிடுவோம். திறந்தார்கள். அதன்பின் மையத்தின் எண் இல்லாமல் காணாமற்போனவர் படத்தை அச்சடித்தால் அச்சடித்த கடைக்குச் சீல் என்று உத்தரவும் போட்டார்கள்.

சீனித்தாயிடம் இருந்தது ஒரே ஒரு படம். நாத்தனார் மகளின் சடங்கு வீட்டில் எடுத்தது. வாட்ஸப்பில் நாலு கை மாறி வந்தது. அதில் பின் வரிசையில், ஒரு சித்தப்பாவின் தோளுக்கும் டியூப் லைட்டுக்கும் நடுவே ராமசுப்பு நிற்கிறார். முகம் மொத்தமும் சுண்டு விரல் நகம் அளவு. அந்த நகத்துக்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. இடது காது மடலில் ஒரு துண்டு இருக்காது, சின்ன வயதில் கிடாய் ஒன்று கடித்துப் பிடுங்கியது. அடிபட்ட பிறகு வலது கண் இமை கொஞ்சம் இறங்கியிருக்கும். தாடி பாதி நரை, பாதி கறுப்பு.

மையத்தின் இணை இயக்குநர் அழகிரிசாமி அந்தப் படத்தைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினார். ராமசுப்பு கட்டம் கட்டமாக உடைந்தார். மூக்கு நாலு கட்டம். கண் ஆளுக்கொரு கட்டம். இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்க ஒரே ஒரு சாம்பல் நிறக் கட்டம் நின்றது.

“இதுதான் உங்க வீட்டுக்காரரா?” என்றார்.

“அவ்வளவு கிட்டப் போனா யாருதான்யா தெரிவாவ?” என்றாள் சீனித்தாய்.

அழகிரிசாமி நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குப் பிடித்த பாடம் வந்துவிட்டது. “அம்மா, படத்துல ரெண்டு சாதி. ராஸ்டர், வெக்டர். உங்ககிட்ட இருக்கிறது ராஸ்டர். வெறும் கட்டம். பெருசாக்கினா உடையும். உடையுற ஆளை வச்சு அரசாங்கம் தேட முடியாது. வெக்டர்னா கோடு, வளைவு, எல்லாம் கணக்கு. கடுகளவும் காட்டலாம், கழுகுமலை அளவும் காட்டலாம். ஓரம் கத்தி மாதிரி நிக்கும். போய் வெக்டர் கொண்டு வாங்க.”

“ஆளு அஞ்சரை அடிதானய்யா. மலை அளவுக்கு எதுக்கு?”

“தேவைப்பட்டால்” என்றார் அழகிரிசாமி. அதற்கு மேல் விளக்கம் இல்லை.

மையத்துக்கு எதிரிலேயே செல்வகணேஷின் ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் போர்டு அடிப்பவன். மையம் வந்தபின் வெக்டர் வரைவதும் சேர்ந்துகொண்டது. கெட்டவன் இல்லை. ஆனால் ஒரே மூக்கை எத்தனையோ பேருக்குப் பொருத்தியவன்.

“யக்கா, நீங்க சொல்லச் சொல்ல வரையுதேன்” என்று உட்கார்ந்தான்.

அவள் காதைச் சொன்னாள், இமையைச் சொன்னாள், தாடியைச் சொன்னாள், நெற்றியில் மூன்று கோடு விழுவதைச் சொன்னாள். அவன் வரைந்தான். கொஞ்ச நேரத்தில் திரையில் ராமசுப்பு எட்டிப் பார்க்கிற மாதிரிகூட இருந்தது. சீனித்தாய், “ஆமா தம்பி, அவியதான்” என்று திரையைத் தொடப் போனாள்.

“ஆனா இப்படியே கொடுத்தா வாங்க மாட்டாவ” என்றான் செல்வகணேஷ். வெக்டரில் ஒவ்வொரு வளைவுக்கும் புள்ளி வேண்டும். ஒரு முகத்துக்கு இத்தனை புள்ளிதான் என்று மையத்தின் விதி. தாடியின் ஒவ்வொரு மயிருக்கும் புள்ளி கொடுத்தால் தாடியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே தாடி போயிற்று. நெற்றிக் கோடு போயிற்று. காதும் கண்ணும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆகவே வலது காதைத் திருப்பி இடது பக்கம் ஒட்டினான். கிடாய் கடித்த துண்டு திரும்பி வந்தது. இறங்கிய இமை ஏறிக்கொண்டது. நிறத்துக்கு அனுமதித்த பட்டியலில் இருந்த ‘மாநிறம் 2’ பூசினான். கழுத்துக்குக் கீழே கைவசம் இருந்த வெள்ளைச் சட்டையை மாட்டினான்.

“இது யாரு தம்பி?” என்றாள் சீனித்தாய்.

“உங்க வீட்டுக்காரருதான்க்கா.”

“என்னக் கட்டும்போதுகூட அவிய இப்படி இல்லையேப்பா!”

அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நம்பர் கிடைக்காவிட்டால் இந்தப் படமும் இல்லை. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். அவள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மையத்தில் இரண்டு மேசைகள். ஒன்று சான்றொப்ப மேசை, மற்றது தொழில்நுட்ப மேசை. காலையில் சான்றொப்ப மேசையில் தங்கப்பாண்டியன் என்ற எழுத்தர் இருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“படத்துல முத்திரை எங்கம்மா? பச்சை மைக் கையெழுத்து எங்க? சான்றொப்பம் இல்லாத படம் செல்லாது. பிரிண்ட் எடுத்துட்டு வாங்க.”

எடுத்து வந்தாள். வட்ட முத்திரையை ராமசுப்புவின் கன்னத்தில் ஓங்கிக் குத்தினார். பச்சை மையில் அழகிரிசாமியின் கையெழுத்து நெற்றியில் விழுந்தது. “இதை ஸ்கேன் பண்ணி, பிற்பகல் தொழில்நுட்ப மேசையில கொடுங்க.”

பிற்பகல் தொழில்நுட்ப மேசைக்குப் போனாள். அங்கேயும் தங்கப்பாண்டியன்தான் இருந்தார். ஆள் பற்றாக்குறை. ஆனால் நாற்காலி மாறியதும் மனுஷனும் மாறிவிட்டார். அவளை முன்பின் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. படத்தைப் பெரிதாக்கினார். கட்டம் கட்டமாக உடைந்தது.

“இது ராஸ்டர் ஆச்சே! ஸ்கேன் பண்ணினா ராஸ்டர்தான் வரும். வெக்டர் எங்கே?”

“வெக்டரைத்தான்யா காலையில கொண்டாந்தேன். நீங்கதான பிரிண்ட் எடுத்து முத்திரை போட்டு ஸ்கேன் பண்ணச் சொன்னிய?”

“நான் சொல்லலை. அந்த மேசையில சொல்லியிருப்பாங்க” என்றார் தங்கப்பாண்டியன். குரலைத் தாழ்த்தி, “அங்க இருக்கிறவருக்குத் தொழில்நுட்ப அறிவு கம்மிம்மா. என்ன செய்ய?” என்று பரிதாபப்பட்டார்.

மறுநாள் வெக்டரையே நேராகக் கொண்டுபோனாள். சான்றொப்ப மேசையில் முத்திரை இல்லை என்றார். முத்திரை போட்டால் ராஸ்டர். ராஸ்டர் என்றால் தள்ளுபடி. தள்ளுபடியானால் முதலிலிருந்து. தங்கப்பாண்டியன் கைப்பட எழுதிய மறுப்புக் குறிப்புக்குத் தங்கப்பாண்டியனே, “தங்கள் குறிப்பு கண்டு வருந்துகிறோம்” என்று பதில் எழுதினார். இரண்டு நாற்காலிக்கும் நடுவே கடிதப் போக்குவரத்து சூடு பிடித்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஒரே ஆள், காலையில் ஒருவர், மாலையில் ஒருவர்.

செல்வகணேஷ் ஒரு வழி கண்டுபிடித்தான். முத்திரையையும் கையெழுத்தையும் வெக்டராகவே வரைந்து படத்தின் மேல் வைத்துவிட்டால்? வைத்தான். அழகிரிசாமி பார்த்தார், அசந்துபோனார், எவ்வளவு பெரிதாக்கியும் முத்திரை உடையவில்லை. “நம்ம முத்திரையைவிட நல்லா இருக்கே” என்றார். அடுத்த நொடி முகம் கறுத்தது. அரசு முத்திரையை வரைவது போலி முத்திரை தயாரித்த குற்றம். செல்வகணேஷைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் மிரட்டி, இனி முத்திரை வரைய மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அதன்பின் அவன் சீனித்தாயைக் கண்டாலே கடைக்குள் பதுங்கினான்.

இதற்கிடையில் வெயில். அந்த வருஷம் கரிசல் வெடித்துக் கால் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது. வாயில்லாத மனுஷன், தண்ணி வேணும் என்று கேட்கத் தெரியாத மனுஷன் இந்த வெயிலில் எங்கே நிற்கிறாரோ என்று நினைக்கும்போது சீனித்தாய்க்குக் கையில் எடுத்த செம்பு வாய்க்குப் போகாது. சாத்தூரில் பார்த்ததாக ஒருவன் சொன்னான், ஓடினாள். குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் இப்படி ஒருத்தர் நிற்கிறார் என்று இன்னொருவன் சொன்னான், அங்கேயும் ஓடினாள். அது யாரோ. போன இடத்தில் செல்வகணேஷ் வரைந்த படத்தைக் காட்டினால், “இவரு கவுன்சிலரா?” என்று கேட்டார்கள். செல்போனில் இருந்த நகம் அளவுப் படத்தைக் காட்டினால் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “நம்மாளு மாதிரிதான் இருக்கு, ஆனா தெளிவா இல்லையே தாயி” என்றார்கள். தெளிவாக இருந்தால் அவர் இல்லை, அவராக இருந்தால் தெளிவு இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

மறுநாள் நேராக அழகிரிசாமியின் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயா, எனக்கு வெக்டரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அந்தச் சின்னப் படத்தையே நாலு சுவத்துல ஒட்ட விடுங்க. மூஞ்சி தெரியலைன்னாலும் கீழ எழுதிக்கிடுதேன், காதுல துண்டு இருக்காது, பேச வராதுன்னு. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

“உங்க உணர்வு எனக்குப் புரியுதும்மா” என்றார் அழகிரிசாமி. “ஆனா இன்னைக்கு உங்களுக்கு மங்கலா ஒருத்தரை அனுமதிச்சா, நாளைக்கு எல்லாரும் மங்கலா வருவாங்க. தரம்னு ஒண்ணு இருக்குல்ல?”

அவளுக்கு நல்ல காலமோ கெட்ட காலமோ, அந்த வாரம் ஒரு தகவல் வந்தது. மையத்தின் ஆண்டு விழாவுக்கு மேலிடத்து ஆணையர் வருகிறார். அவருக்கு ஒரு சாதனையைக் காட்ட வேண்டும். கைவசம் தயாராக இருந்த ஒரே வெக்டர் ராமசுப்புதான். இரண்டு மேசைக்கும் தெரியாமல் அழகிரிசாமியே ஒரு சிறப்பு ஆணை போட்டார். சான்றொப்பம் விழாவுக்குப் பிறகு பெறப்படும் என்று ராமசுப்புவை அங்கீகரித்தார். எண்ணும் கொடுத்தார்.

சீனித்தாய் அவர் காலில் விழப் போனாள். “இப்பவே போயி நோட்டீசு அடிக்கட்டாய்யா?”

“நோட்டீஸ் எதுக்கு? வெக்டரோட பெருமை சின்னதுல தெரியாது” என்றார் அழகிரிசாமி.

மையத்தின் முன்பக்கச் சுவர் முழுவதையும் மறைத்து, இரும்புச் சாரம் கட்டி ராமசுப்புவை ஏற்றினார்கள். ஒரு கண் மட்டும் மாட்டு வண்டிச் சக்கரம் அளவு. வெள்ளைச் சட்டையில், மழித்த முகத்தில், மாநிறம் 2-இல் பைபாஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ‘காணவில்லை’ என்ற சொல்லைக் கீழே எங்கோ சின்னதாகப் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே அழகிரிசாமி கைகூப்பி ஆணையரை வரவேற்கும் படம்.

சீனித்தாய் கிட்டப் போய்ப் பார்த்தாள். ஃப்ளெக்ஸ் முழுக்கப் புள்ளி புள்ளியாக மை. “ஐயா, கிட்ட வந்தா இதுவும் உடைஞ்சுதான கிடக்கு?” என்று கேட்டாள்.

“அரசாங்க வேலையைக் கிட்ட வந்து பாக்கக் கூடாதும்மா. தள்ளி நின்னுதான் பாக்கணும்” என்றார் அழகிரிசாமி. மனதில் பட்டதைச் சொன்னார். அவரிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

நம் ஊரில் ஒரு முகம் அவ்வளவு பெரிதாக போர்டில் ஏறினால் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, அவர் கட்சிக்காரர். இல்லாவிட்டால் செத்துப்போனவர். மறுநாள் காலையில் போர்டின் அடியில் ஒரு ரோஜா மாலை கிடந்தது. யாரோ சூடம் கொளுத்தி வைத்திருந்தார்கள். மத்தியானம் ஒட்டப்பிடாரத்திலிருந்து ராமசுப்புவின் அக்கா வேன் பிடித்து, கோடி வேட்டியோடும் ஒப்பாரியோடும் எப்போதும்வென்றானில் வந்து இறங்கினாள். அவளோடு வந்த ஆம்பிளைகள் வாசலில் நின்று, “எப்ப எடுக்கிய?” என்று கேட்டார்கள்.

“அவிய சாகலம்மா! தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்” என்று சீனித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

“போர்டு வச்சிருக்கே” என்றாள் அக்கா. நம்பாமல்தான் திரும்பிப் போனாள். கோடி வேட்டியை விட்டுவிட்டுப் போனாள். எப்படியும் தேவைப்படும் என்று நினைத்திருப்பாள். அந்த வேட்டியைப் பார்த்தபோது சீனித்தாய்க்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. ஒருவேளை ஊர் சொல்வதுதான் சரியோ என்று தோன்றிவிட்டது.

விழா நாள். பந்தல், நாற்காலி, குளிர்பானம். ஆணையர் வந்தார். காணாமற்போனவரின் மனைவி என்று சீனித்தாயை முன்வரிசையில் உட்காரவைத்து, ஒரு பட்டுப்புடவைக்காரம்மாள் அடிக்கடி அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார். அழகிரிசாமி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து மங்கலான முகத்தோடு ஒருவரைக்கூட நாம் தேடியதில்லை. கண்டுபிடித்தோமா என்று சிலர் கேட்கிறார்கள். கண்டுபிடிப்பது நமது பணி வரம்பில் இல்லை. ஆனால் தேடப்பட்ட ஒவ்வொருவரும் தெளிவாக இருந்தார்கள் என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். வெக்டர் என்பது வெறும் மென்பொருள் அல்ல, அது ஒரு வாழ்க்கை முறை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறைக்கு உதவியாளனாக வந்தேன். என்னைப் பெரிதாக்கினார்கள், கண்காணிப்பாளர் ஆனேன். இன்னும் பெரிதாக்கினார்கள், இணை இயக்குநர் ஆனேன். உடைந்தேனா? அன்றைக்கு எனக்கு என்ன தெரியுமோ அதேதான் இன்றைக்கும் தெரியும். ஒரு புள்ளி கூடவில்லை!”

கைதட்டல் அடங்கும்போது பந்தலுக்குப் பின்னால் ஒரு சத்தம். போர்டின் நிழலில் படுத்திருந்த ஒருவரைக் காவலாளி கம்பால் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். “ஏலே, எந்திரி! ஆணையரு வந்திருக்காவ, இங்கன வந்து படுத்துக் கிடக்கே!” அந்தச் சாலையில் வேறு நிழல் கிடையாது. இத்தனை நாளும் ஊரெல்லாம் சுற்றிய மனுஷன் வெயிலுக்கு ஒதுங்க அதன் அடியில் வந்திருக்கிறார்.

அவர் எழுந்து நடந்தார். முகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. சீனித்தாய்க்கு முகம் தேவைப்படவில்லை. அந்த நடையைப் பார்த்ததும் நாற்காலி சாய எழுந்து ஓடினாள்.

எலும்பும் தோலுமாக இருந்தார். தாடி நெஞ்சுவரை இறங்கியிருந்தது. காலில் புண். சட்டை இல்லை. ஆனால் ராமசுப்பு. அவளைப் பார்த்ததும் “ம்” என்றார். இன்னொரு தடவை “ம்” என்றார். அவளுடைய முந்தானையை எட்டிப் பிடித்துக்கொண்டார். சீனித்தாய் அழுதாள், சிரித்தாள், அவர் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். இத்தனை நாள் பட்டது எல்லாம் அந்த நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

“எய்யா, எம் புருசன் கிடைச்சிட்டாவ!” என்று கத்தினாள்.

கூட்டம் கூடியது. ஆணையர் ஆர்வமாக எட்டிப் பார்த்தார். அழகிரிசாமிக்கு வேர்த்தது. தங்கப்பாண்டியனைப் பார்த்தார். தங்கப்பாண்டியன் கீழே நின்றவரைப் பார்த்தார், மேலே நின்றவரைப் பார்த்தார்.

“சார், ஒத்துப் போகலை” என்றார். “காதுல துண்டு இல்ல. படத்துல முழுசா இருக்கு. ஒரு கண்ணு சின்னது. நிறம் மாநிறம் 2-லயே வரலை. ஓரமெல்லாம் கலைஞ்சு கிடக்கு சார். சுருக்கமாச் சொன்னா, ராஸ்டர்.”

“அவிய காது அப்படித்தான்யா! நீங்கதான ஒட்டவச்சிய!”

“அம்மா, படம் அங்கீகாரம் ஆயிருச்சு. ஆணையரே பார்த்துட்டார். அதைத் திருத்த முடியாது” என்றார் அழகிரிசாமி. கொஞ்சம் யோசித்தார். அவர் குரலில் உண்மையான கருணை வந்தது. “ஆனா ஆளைத் திருத்தலாம்.”

தங்கப்பாண்டியன் விளக்கினார். தாடியை மழித்து, தலைக்குச் சாயம் அடிக்கலாம். கண்ணுக்கும் காதுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதலாம். ஒரு குழு அமைத்து ஒப்பிட்டு, படத்தோடு ஒத்துவருகிற அன்றைக்கு ஒப்படைக்கலாம். அதுவரைக்கும் திருநெல்வேலிக் காப்பகத்தில் வைத்திருப்பார்கள்.

“நான் இப்பவே கூட்டிட்டுப் போறேன்யா.”

“ராமசுப்புன்னு சொல்லி, ராமசுப்பு மாதிரி இல்லாத ஆளைக் கூட்டிட்டுப் போனா அது ஆள்மாறாட்டம். உங்க மேலயே கேஸ் வரும்” என்றார் தங்கப்பாண்டியன். “வேன் வரச் சொல்லட்டுமா சார்?”

சீனித்தாய் சுற்றிலும் பார்த்தாள். காப்பகத்தின் இரும்புக் கதவுக்குப் பின்னால் ராமசுப்பு நிற்பது அவளுக்கு இப்போதே தெரிந்தது. பசி என்று சொல்லத் தெரியாது. போக வேண்டும் என்று சொல்லத் தெரியாது. இந்தத் தடவை தொலைந்தால், எந்த மதிலிலும் ஒட்டித் தேட முடியாத இடத்தில் தொலைவார். தங்கப்பாண்டியன் செல்போனைக் காதில் வைத்துவிட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குரலை நிதானமாக்கிக்கொண்டாள்.

“வேணாம்யா. நல்லாப் பார்த்துட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. இவரு எம் புருசன் இல்ல.”

தங்கப்பாண்டியன் செல்போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“யாரோ எவரோ. ஆசையில கண்ணு தெரியாமப் போச்சு. பசிச்சுக் கிடக்காரு பாவம், கூட்டிட்டுப் போயி ஒரு வாய் சோறு போடுதேன். அதுக்கு நம்பரு வேணுமாய்யா?”

அழகிரிசாமியின் முகம் மலர்ந்தது. “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா! சம்பந்தமில்லாத ஆளுன்னா எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க. தெரியாத ஆளுக்கு எங்ககிட்ட விதியே கிடையாது.” பிறகு ஆணையரிடம் திரும்பி, தேடுதல் அதே தெளிவோடு தொடரும் என்று அறிவித்தார். மறுபடியும் கைதட்டினார்கள்.

ராமசுப்புவுக்கு எது புரியும், எது புரியாது என்று டாக்டருக்கே தெரியாது. சீனித்தாய்க்கு அந்தக் கணத்தில் தெரிந்தது. அவள் ‘இல்ல’ என்று சொன்னதும் முந்தானையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“வாங்க” என்றாள். வந்தார். ஆனால் நாலடி தள்ளி, கூப்பிட்டதற்காக வருகிற வேற்றாள் மாதிரி வந்தார். மையத்தின் வாசலைத் தாண்டும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். சாலைக்கு வந்ததும் நின்று, அவர் கையைப் பிடித்து, “பொய்யிங்க. உங்களைக் கொண்டுபோயிருவாவன்னு பொய் சொன்னேன். வேற என்ன செய்யச் சொல்லுதிய?” என்றாள். அவர் சாலையைப் பார்த்தார். பிடித்த கையில் உயிரே இல்லை.

டவுன் பஸ் வந்தது. ஜன்னலோரம் அவரை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்தார். பெண்களுக்குக் காசில்லாத டிக்கெட்டை அவளிடம் கிழித்துக் கொடுத்துவிட்டு, தாடியும் புண்ணுமாக இருந்த மனுஷனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவரு யாரும்மா? உன்கூட வந்தவரா?”

சீனித்தாய் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “எம் புருசன்யா. பேரு ராமசுப்பு. எப்போதும்வென்றானுக்கு ஒரு டிக்கெட் கொடுங்க.”

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் எதையும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

ராமசுப்பு ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். எட்டயபுரம் தாண்டி வெகு தூரம் போன பிறகுதான் முந்தானையைப் பிடித்தார்.